ஊர் இருந்ததால் இரயிலா? இரயில் வந்ததால் ஊரா?



உங்கள் இல்லத்திலும் இந்தப் பேச்சு என்றேனும் ஒருநாள் எழுந்திருக்கக் கூடும். ஜும்ஆ தொழுகை முடிந்து வீடு திரும்பும் குடும்பத் தலைவரின் கையில் வண்ணத் துண்டறிக்கை ஒன்று இருக்கிறது. "மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம், இன்று வாங்குங்கள், நாளை இரு மடங்கு" என்று அது ஆசை காட்டுகிறது. நிலையமோ இன்னும் வரைபடத்தில்தான் உள்ளது. மனையைச் சுற்றி முள்வேலியும் கருவேலமும் தவிர வேறொன்றுமில்லை. வளைகுடாவின் வெயிலில் பல்லாண்டுகள் உழைத்து அனுப்பிய பணம் வங்கியில் இருக்கிறது. அது மகளின் திருமணத்திற்கும், மகனின் படிப்பிற்கும், முதுமைக்கும் ஆன ஒரே சேமிப்பு.

அப்போது வீட்டிலுள்ள தாய் மூன்று கேள்விகளைக் கேட்கிறாள். "இரயில் வருமா? வந்தால் ஊர் வளருமா? ஊர் வளர்வதற்குள் நம் பிள்ளைகள் வளர்ந்து விடுவார்களே, அதற்கு என்ன செய்வது?"

இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேட, பெரும் பொருளாதார அறிஞர்கள் நூற்றாண்டுக்கும் மேலாக முயன்று வருகின்றனர். நகருக்குள் ஓடும் புதிய இரயில் தடம், ஏற்கெனவே உள்ள மக்களின் தேவையை நிறைவேற்றுகிறதா? அன்றி, இல்லாத ஊரையே உருவாக்குகிறதா? விடையைப் பொறுத்து அரசின் பல்லாயிரம் கோடி ரூபாய் மட்டுமன்று, உங்கள் குடும்பத்தின் சில இலட்சங்களும் பயன் பெறும் அல்லது வீணாகும். ஆகவே உலகின் சில நகரங்களுக்கும், நம் சென்னைக்கும் சற்றே சென்று வருவோம்.

கூட்டம் அழைத்த இரயில்

உலகின் முதல் சுரங்க இரயில் 1863 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆம் நாள் இலண்டனில் ஓடத் தொடங்கியது. 'மெட்ரோபாலிட்டன் இரயில்வே' என்பது அதன் பெயர். இன்று நாம் சொல்லும் 'மெட்ரோ' என்னும் சொல்லே அப்பெயரின் சுருக்கம்தான். பாடிங்டன் முதல் ஃபாரிங்டன் வரை அதன் தடம் அமைந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இலண்டனுக்கு வந்திறங்கும் மக்கள், நகரின் வணிக மையத்தை அடையக் குதிரை வண்டிகளின் நெரிசலில் சிக்கித் தவித்த காலம் அது. இருந்த தேவைக்காகவே அத்தடம் தோண்டப்பட்டது. நீராவி எஞ்சினின் புகை சுரங்கத்தை நிறைத்தபோதிலும், முதல் நாளன்றே சுமார் 38,000 பேர் அதில் பயணம் செய்தனர். யாரும் விளம்பரம் செய்து அவர்களை அழைத்து வர வேண்டியிருக்கவில்லை.

நம் மண்ணடியை எண்ணிப் பாருங்கள். துறைமுகத்தையும், மொத்த வியாபாரக் கடைகளையும், நெருக்கமான வீடுகளையும், பள்ளிவாசல்களையும் கொண்ட அப்பகுதி பல தலைமுறைகளாக நிறைந்தே இருக்கிறது. 2019 பிப்ரவரி 10 ஆம் நாள் அங்கு மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டபோது, அது எந்த ஊரையும் புதிதாக உருவாக்கவில்லை. தள்ளுவண்டிகளுக்கும் சுமை ஏற்றும் வாகனங்களுக்கும் இடையே நெளிந்து, பாரிமுனை வரை நடந்து சென்று பேருந்துக்குக் காத்து நின்றவர்களுக்குப் பூமியின் கீழே ஒரு வழி கிடைத்தது, அவ்வளவே. 2021 பிப்ரவரியில் அதே தடம் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டதும் அவ்வாறே. வட சென்னையின் உழைக்கும் மக்கள் அங்கே ஏற்கெனவே வாழ்ந்து கொண்டிருந்தனர். இரயில்தான் அவர்களைத் தேடிக் காலங்கடந்து வந்தது.

வயல்வெளிக்குச் சென்ற இரயில்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஜப்பான் நாட்டின் ஒசாகா நகரிலிருந்து 1910 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு சிறிய மின்சார இரயில் தடம் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் 'ஹான்கியூ' என்று புகழ்பெற்ற நிறுவனம் அது. தடம் சென்ற வழியில் பெரிய ஊர் எதுவும் இல்லை. வயல்களும் குன்றுகளுமே இருந்தன. 'இதில் யார் ஏறுவார்கள்?' என்று பலரும் ஐயுற்றனர். அதனை நடத்திய கோபயாஷி இச்சிசோ என்பவரோ, பயணிகள் இல்லாவிட்டால் அவர்களை உண்டாக்கிக் கொள்வோம் என்று துணிந்தார்.

தடத்தை ஒட்டி இக்கேடா என்னுமிடத்தில் நிலம் வாங்கி, வீடுகள் கட்டி, பத்தாண்டுத் தவணையில் நடுத்தரக் குடும்பங்களுக்கு விற்றார். தடத்தின் மறுமுனையில் வெந்நீர் ஊற்று விடுதியும், பின்னர் நாடக அரங்கும் அமைத்தார். நகர முனையில் இரயில் நிலையத்துடனேயே 1929 இல் பெரும் பல்பொருள் அங்காடியைத் திறந்தார். காலையில் வேலைக்கும், பகலில் கடைக்கும், விடுமுறையில் உல்லாசத்திற்கும் மக்கள் அதே இரயிலில் இரு திசைகளிலும் சென்றனர். ஊர் எழுந்தது.

இலண்டனிலும் அதுவே நிகழ்ந்தது. கூட்டத்திற்காகப் பிறந்த அதே மெட்ரோபாலிட்டன் நிறுவனம், பிற்காலத்தில் தன் தடத்தை வடமேற்கே கிராமங்களுக்குள் நீட்டியது. 1919 இல் வீட்டுமனைக்கெனத் தனி நிறுவனத்தைத் தொடங்கித் தோட்டத்துடன் கூடிய வீடுகளை விற்றது. ஆக, ஒரே நிறுவனம் ஒரு காலத்தில் தேவையைத் தொடர்ந்து சென்றது. மற்றொரு காலத்தில் தேவையைத் தானே விதைத்தது. 'இரண்டில் எது சரி?' என்று கேட்போர் இதனை முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஒசாகாவிலும் இலண்டனிலும் ஊரை எழுப்பியது வெறும் தண்டவாளம் அன்று. தண்டவாளத்துடன் வீடும், கடையும், குடும்பத்தின் கைக்கு எட்டும் தவணையும் சேர்ந்தே வந்தன.

நம் தாம்பரத்தின் கதை

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு தாம்பரம். 1931 ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே, சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிற்கு, மீட்டர் பாதையில் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. கவனியுங்கள்: அவ்வழியே இரயில் தடம் அதற்கு முன்பே இருந்தது. நீராவி வண்டிகள் ஓடிக் கொண்டுதான் இருந்தன. புதிதாக வந்தது, அடிக்கடி ஓடும் விரைவான வண்டி. காலையில் புறப்பட்டு அலுவலகம் சென்று மாலையில் வீடு திரும்பலாம் என்னும் நம்பிக்கையே அத்தடத்தின் உண்மையான புதுமை.

அதன் பின்னர் 1937 இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, நெரிசல் மிக்க ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்தின் விரிந்த வெளிக்கு இடம் பெயர்ந்தது. தோல் ஆலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டை வளர்ந்தது. பல்லாவரமும் மீனம்பாக்கமும் பரங்கிமலையும் ஒன்றோடொன்று நெருங்கின. நாடு விடுதலை பெற்றபின் ஜி.எஸ்.டி. சாலையும் தொழிற்கூடங்களும் துணை நின்றன. 2021 ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியாக உயர்ந்தது.

இதனைப் படிக்கும்போது மகிழ்ச்சி தோன்றுகிறது அல்லவா? ஆயினும் ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். 1931 க்கும் 2021 க்கும் இடையே 90 ஆண்டுகள்! மின்சார இரயில் வந்த ஆண்டில் தாம்பரத்தில் மனை வாங்கியவரின் முழுப் பயனைப் பேரன்மாரும் அவர்களின் பிள்ளைகளும் கண்டிருப்பர். 'ஊர் வளர்வதற்குள் பிள்ளைகள் வளர்ந்து விடுவார்களே' என்று அந்தத் தாய் கேட்டது அறியாமையால் அன்று. பொருளாதாரத்தின் முதற் பாடமே அதுதான்.

வளர்ச்சியா, இடமாற்றமா?

இவ்விடத்தில் இன்னொரு வினாவும் எழுகிறது. ஓரிடத்தில் ஊர் எழுந்தால், அது புதிதாகப் பிறந்த வளர்ச்சியா? அல்லது வேறோர் இடத்திலிருந்து பெயர்ந்து வந்ததா?

நியூயார்க் நகரின் மக்கள்தொகைக் கணக்கு இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. அந்நகரின் மையமான மன்ஹாட்டனில் 1910 இல் 23,31,542 பேர் வாழ்ந்தனர். காற்றும் வெளிச்சமும் புகாத அடுக்குக் குடியிருப்புகளில் ஏழைகள் நெருக்கிக் கிடந்த காலம் அது. 1913 இல் செய்யப்பட்ட ஒப்பந்தங்களின்படி ஆற்றைக் கடந்து குயின்ஸ் பகுதியின் திறந்த வெளிகளுக்கு இரயில் தடங்கள் நீட்டப்பட்டன. எவ்வளவு தூரம் சென்றாலும் ஐந்து சென்ட் நாணயம் ஒன்றே கட்டணம். 1910 இல் 2,84,041 ஆக இருந்த குயின்ஸின் மக்கள்தொகை 1930 இல் 10,79,129 ஆகப் பெருகியது. இருபதே ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கு மடங்கு!

அதே இருபது ஆண்டுகளில் மன்ஹாட்டனின் மக்கள்தொகை 18,67,312 ஆகக் குறைந்தது. அதாவது சுமார் 4,64,000 பேர் குறைந்தனர். நியூயார்க் நகரம் முழுமையும் வளர்ந்தது உண்மையே. ஆனால் குயின்ஸ் கண்ட பெருக்கத்தில் ஒரு பகுதி, நெரிசலிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் இடமாற்றமே ஆகும்.

இடமாற்றம் என்பதால் அதனைக் குறைத்து மதிப்பிடலாமா? கூடாது. காற்றோட்டமில்லாத அறையிலிருந்து சாளரமுள்ள வீட்டிற்குச் சென்ற தாய்க்கும் குழந்தைக்கும் அது வாழ்வே மாறிய நிகழ்ச்சி. ஆயின் மனை விற்போர் இதனைத்தான் மறைக்கின்றனர். ஒரு நகரத்தில் வந்து சேரும் மக்கள் எண்ணிக்கைக்கு ஓர் அளவுண்டு. அவர்கள் எல்லாத் தடங்களின் எல்லா நிலையங்களிலும் ஒரே நேரத்தில் குடியேற இயலாது. ஒரு நிலையம் கொழித்தால் மற்றொன்று காத்திருக்கத்தான் வேண்டும்.

காத்திருந்த நிலையங்கள்

காத்திருப்பதும் கற்பனையன்று. நம்மில் பலருக்கு உறவினர் வாழும் சிங்கப்பூரையே எடுத்துக் கொள்வோம். திட்டமிடுவதில் அந்நாட்டை விஞ்சுவோர் சிலரே. அங்கே 2003 ஜூன் 20 ஆம் நாள் வடகிழக்குத் தடம் திறக்கப்பட்டது. அத்தடத்தில் புவாங்கோக் என்னும் நிலையம் முழுதாகக் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. ஆயினும் சுற்றிலும் போதிய குடியிருப்புகள் இல்லை என்று கூறி அது திறக்கப்படவில்லை. வண்டிகள் நில்லாமல் கடந்து சென்றன. 2005 இல் ஓர் அமைச்சர் அப்பகுதிக்கு வந்தபோது, யாரோ அட்டையால் செய்த வெள்ளை யானைகளை அங்கே நட்டு வைத்திருந்தனர். பயனின்றித் தீனி தின்னும் பெருஞ்செல்வம் என்பது அதன் பொருள். 2006 ஜனவரியில்தான் அந்நிலையம் திறந்தது. அதே தடத்தின் வுட்லீ நிலையமோ 2011 வரை பூட்டியே கிடந்தது.

நமது பறக்கும் இரயிலின் வரலாறு இதனினும் நீண்டது. 1995 நவம்பரில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997 இல் திருமயிலை வரையும், 2004 இல் திருவான்மியூர் வரையும், 2007 இல் வேளச்சேரி வரையும் அது நீண்டது. பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி வானுயர நின்ற அதன் நிலையங்கள் பல்லாண்டுகள் வெறிச்சோடிக் கிடந்ததை நீங்களே கண்டிருப்பீர்கள். விளக்கு எரியாத படிகளில் மாலைக்குப் பின் பெண்கள் ஏறத் தயங்கினர். பெரிய மண்டபங்களில் காற்றே குடியிருந்தது.

இதில் ஒரு புதிர் உண்டு. திருவல்லிக்கேணி என்ன, ஆளில்லாத ஊரா? வாலாஜா பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்களில் ஒரு காலடி நிலம் கூட வெறுமையாக இல்லையே! அவ்வளவு மக்கள் வாழ்ந்தும் பறக்கும் இரயில் ஏன் நிரம்பவில்லை?

காரணம் எளியது. மக்கள் இருந்தால் மட்டும் போதாது. அவர்கள் போக விரும்பும் இடத்திற்கு இரயில் போக வேண்டும். கால்வாய்க் கரையில் நிலம் எடுப்பது எளிது என்பதால் தடம் அங்கே சென்றது. மக்களோ அண்ணா சாலைக்கும் தியாகராய நகருக்கும் இராயப்பேட்டைக்கும் செல்ல விரும்பினர். அவர்களை வாசலிலேயே ஏற்றிக் கொள்ளப் பேருந்து இருந்தது. இரயிலுக்கோ நடந்து சென்று, மாடிகள் ஏறி, நெடுநேரம் காத்திருக்க வேண்டும். இறங்கிய இடத்தில் மாற்றுப் பேருந்தும் இல்லை. தேவை என்பது ஒரு கூட்டம் மட்டுமன்று. அதற்கு ஒரு திசை உண்டு என்பதை அத்தடத்தை வகுத்தோர் போதிய அளவு கருதவில்லை.

பிற்காலத்தில் தரமணி, திருவான்மியூர்ப் பக்கம் கூட்டம் பெருகியதே என்று நீங்கள் கேட்கலாம். பெருகியது உண்மை. ஆனால் அங்கே டைடல் பூங்கா 2000 ஆம் ஆண்டிலேயே திறந்துவிட்டது. இரயில் நான்கு ஆண்டுகள் கழித்தே வந்தது. கணினித் தொழிலும் பழைய மகாபலிபுரம் சாலையும் அழைத்து வந்த வேலைவாய்ப்பே அப்பகுதியின் வளர்ச்சிக்கு வித்து. இரயில் அதற்குத் துணை நின்றது, தாயாக நிற்கவில்லை.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையான ஐந்து கிலோமீட்டர் இணைப்பையும் நினைவு கூருங்கள். தடத்தின் பெரும்பகுதி தூண்களாக எழுந்து நிற்க, கடைசி அரைக் கிலோமீட்டர் அளவு நிலத்தின் வழக்குகளால் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பணி முடங்கியது. 'இரயில் வருமா?' என்ற முதற் கேள்விக்கு இதனினும் தெளிவான எச்சரிக்கை வேறில்லை. தூண் எழுந்தது என்பதற்காக வண்டி வந்துவிடுவதில்லை.

கணக்கில் வராத தேவை

இதுவரை இரு விடைகளைப் பார்த்தோம். ஆனால் இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது விடை ஒன்றும் உண்டு. அதனைக் குடும்பத்துப் பெண்களே நன்கு அறிவர்.

புதிய தடம் அமைக்குமுன் அதிகாரிகள் கணக்கெடுக்கின்றனர். எத்தனை பேர் எங்கிருந்து எங்கே செல்கின்றனர் என்று எண்ணுகின்றனர். ஆனால் செல்ல விரும்பியும் செல்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவரை யார் எண்ணுவது? மூன்று பேருந்து மாற வேண்டுமே என்று எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப் போட்ட தாய் அக்கணக்கில் இல்லை. படிக்கட்டில் தொங்கிச் செல்ல இயலாதென்று கல்லூரிப் படிப்பையே கைவிட்ட மகள் இல்லை. நகரின் மறுகோடியில் வாழும் தங்கையைப் பெருநாளுக்குப் பெருநாள் மட்டுமே பார்க்கும் முதியவளும் இல்லை. இவர்கள் அனைவரும் ஏற்கெனவே நகரில் வாழ்பவர்களே. புதிய ஊர் எதுவும் பிறக்கவில்லை. ஆனால் நல்ல இரயில் வந்தால், நேற்று வரை நடக்காத பயணங்கள் இன்று நடக்கின்றன. அடங்கிக் கிடந்த தேவை வெளிப்படுகிறது.

சென்னை மெட்ரோ இதற்குச் சான்று. 2015 ஜூன் 29 இல் கோயம்பேட்டிற்கும் ஆலந்தூருக்கும் இடையே அது தொடங்கியபோது, 'இவ்வளவு கட்டணத்தில் யார் ஏறுவர்?' என்ற பேச்சே எங்கும் கேட்டது. துண்டாகக் கிடந்த தடங்கள் ஒன்றோடொன்று இணைந்தன. 2021 இல் உச்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. 2019 இல் ஆண்டுக்கு 3.28 கோடியாக இருந்த பயணங்கள், இடையே கொரோனாக் காலத்தின் வீழ்ச்சியையும் கடந்து, 2023 இல் 9.11 கோடியாகவும் 2024 இல் 10.52 கோடியாகவும் உயர்ந்தன. அந்த ஐந்து ஆண்டுகளில் சென்னையின் மக்கள் மூன்று மடங்காகவில்லை. தடம் இணைந்தது, கட்டணம் இறங்கியது, பயணம் பெருகியது.

அதே வேளையில், 2021 மே மாதம் முதல் சாதாரண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டணமில்லாப் பேருந்தில் செல்லும் பெண், இரயில் நிலையத்திற்கு ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து, பின்னர் இரயிலுக்கும் கொடுப்பாளா? பேருந்தும் இரயிலும் போட்டியிடாமல், ஒன்று மற்றொன்றின் வாசலில் இறக்கி விடுமானால் மட்டுமே ஏழைக் குடும்பத்திற்கு இரயில் பயன்படும்.

ஆதாயம் யாருக்கு?

இரயில் வந்து ஊரும் வளர்ந்துவிட்டது என்றே கொள்வோம். அவ்வளர்ச்சியின் பயன் யாரைச் சேர்கிறது?

நிலையத்தருகே நிலம் வைத்திருப்பவரின் சொத்து, அவர் ஒரு செங்கல்லும் எடுத்து வைக்காமலேயே விலை உயர்கிறது. அந்த உயர்வை உண்டாக்கியது பொதுமக்களின் வரிப்பணம். ஜப்பானிய நிறுவனமும் இலண்டன் நிறுவனமும் தாமே நிலம் வைத்திருந்ததால் அவ்வுயர்வைக் கொண்டு இரயிலை நடத்தின. ஹாங்காங் நகரில் இன்றும் இரயில் நிறுவனம் நிலையங்களின் மேல் குடியிருப்புகள் கட்டி அவ்வருவாயைத் தடங்களுக்குச் செலவிடுகிறது. அவ்வாறு செய்யாத இடங்களில் செலவு பொதுவுக்கும் ஆதாயம் சிலருக்கும் என்றாகி விடுகிறது.

வாடகை வீட்டில் வாழும் குடும்பத்தின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. நிலையம் திறந்த அடுத்த ஆண்டே வீட்டு உரிமையாளர் வாடகையை உயர்த்துகிறார். பள்ளிவாசலும், மதரஸாவும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும், உற்றார் உறவினரும் அருகிலேயே இருக்க, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தெருவை விட்டு அக்குடும்பம் புறநகருக்குப் பெயர்கிறது. எந்த இரயில் அவர்களுக்கென வந்ததோ, அதே இரயிலில் அவர்கள் தம் பழைய தெருவுக்கு விருந்தினராக வந்து செல்கின்றனர்! வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் 'யாருடைய வளர்ச்சி?' என்று நாம் கேட்பது இதனாலேயே.

மனை வாங்குமுன் சிந்தியுங்கள்

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மாதவரம், சிறுசேரி, பூந்தமல்லி, சோழிங்கநல்லூர் ஆகிய இடங்களை இணைக்கும் 118.9 கிலோமீட்டர் திட்டமாகும். 63,246 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டத்திற்கு 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதனைக் காட்டி உங்கள் வாசலுக்கும் தரகர்கள் வரக்கூடும். அவர்களிடம் பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

முதலாவதாக, தடத்திற்கு நிலம் முழுவதும் எடுக்கப்பட்டு விட்டதா, அல்லது அறிவிப்போடு நிற்கிறதா? பரங்கிமலை இணைப்பின் அரைக் கிலோமீட்டரை மறவாதீர்கள்.

இரண்டாவதாக, 'ஐந்து நிமிடம்' என்பது யாருடைய ஐந்து நிமிடம்? காரில் செல்லும் ஐந்து நிமிடம், கைக்குழந்தையுடன் நடக்கும் தாய்க்கு ஒரு மணி நேரம் ஆகலாம். விலை பேசுமுன் நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். மாலையில் உங்கள் மனைவியையும் உடன் அழைத்துச் சென்று நடந்து பாருங்கள்.

மூன்றாவதாக, தடத்தின் மறுமுனையில் வேலை உண்டா? உங்கள் வீட்டில் சம்பாதிப்பவர் நாள்தோறும் செல்லும் திசைக்கும் அந்த இரயில் செல்லும் திசைக்கும் பொருத்தம் உண்டா?

நான்காவதாக, இரயில் பத்தாண்டு தாமதமானாலும் அவ்விடத்தில் வாழ இயலுமா? குடிநீர், பள்ளிக்கூடம், மருத்துவர், நடக்கும் தொலைவில் பள்ளிவாசல், அடக்கத்தலம் ஆகியவை உள்ளனவா? இவை இருக்கும் இடத்திற்கு இரயிலும் வந்தால் நன்மை. இவை இல்லாத இடத்தில் இரயில் மட்டும் வந்தால் அது வெறும் நிழற்குடையே.

ஐந்தாவதாக, அந்நிலம் முன்பு என்னவாக இருந்தது? ஏரியா, சதுப்பு நிலமா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் மாடியில் ஏறி நின்ற குடும்பங்கள் கற்ற பாடம் இது. பழைய வரைபடத்தையும் ஊர்ப் பெரியவர்களையும் கேட்டறியுங்கள்.

இவ்வைந்திற்கும் நல்ல விடை கிடைத்தால் தயங்க வேண்டாம். கிடைக்காவிடில், வட்டிக்குக் கடன் பட்டேனும் வாங்கிவிடத் துடிக்கும் மனத்தை அடக்குங்கள்.

நாம் கேட்க வேண்டியது

வாசகர்களே! இரயில் என்பது வாய்க்காலில் வரும் நீரைப் போன்றது. விதைத்த நிலத்தில் அது பாய்ந்தால் பயிர் செழிக்கும். வாடிய பயிர் ஏற்கெனவே நின்ற நிலத்தில் பாய்ந்தால் அன்றே தலை நிமிரும். விதையே இல்லாத தரிசில் பாய்ந்தால் மண்தான் நனையும். விதை என்பது வேலை, வீடு, பள்ளி, பேருந்து, எட்டும் கட்டணம் ஆகியவையே.

ஆகவே, 'எங்கள் பகுதிக்கும் இரயில் வேண்டும்' என்று மனுக் கொடுப்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. நிலைய வாசலுக்குப் பேருந்து வேண்டும். மின்தூக்கி இயங்க வேண்டும். படிகளில் விளக்கு எரிய வேண்டும். ஏழைக் குடும்பமும் ஏறும் கட்டணம் வேண்டும். நிலையத்தருகே நடுத்தர மக்களும் வாழத்தக்க வீடுகள் வேண்டும் என்று கேட்க வேண்டும். இவையின்றிக் கட்டப்படும் நிலையம் எவ்வளவு பெரிதாயினும், பறக்கும் இரயிலின் பழைய மண்டபங்களைப் போலக் காற்றுக்கே வீடாகும்.

இனி அந்தத் துண்டறிக்கை மீண்டும் உங்கள் வீட்டிற்கு வந்தால், அதனைக் குடும்பத் தலைவர் மட்டும் படித்து முடிவெடுக்க வேண்டாம். வீட்டிலுள்ள தாயின் கையில் கொடுங்கள். அவள் கேட்கும் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகு கையொப்பமிடுங்கள்.